இரண்டு மஞ்சள், இரண்டு ரோஸ்

பழைய முதலாளி பதினெட்டு வருஷம்
பிடித்துப் பிடித்தே தேய்த்துவிட்ட ஸ்டீயரிங்.
மேலே இரண்டு இடத்தில் மட்டும்
கழுவிய கத்தரிக்காய் போல மினுங்கும்.
வேனை விற்கும்போது அவர் இதைச் சொல்லவில்லை.
ஏர்கோன் புதுசு என்று மட்டும் சொன்னார்.

என் உள்ளங்கை பிறவியிலேயே வேர்க்கும்.
பள்ளியில் என் கணக்குத்தாள்
ஓரம் சுருண்டு, மை கலங்கித்தான் மேசைக்குப் போகும்.
தாலி கட்டி, கைபிடித்து வலம் வந்தபோது
குணாளன் காதருகே கேட்டான்: "பயமா?"
பயமில்லை, கைதான் அப்படி என்றேன்.
இன்றுவரை நம்பவில்லை.

பகாவ் டவுனில் ஆ லெக் பட்டறையில் காட்டினேன்.
டயரை உதைத்தான், பிரேக்கை மிதித்தான்.
"வேன் ஓகே. உன் கைக்கு ஸ்பேர் பார்ட் இல்லை."

பாத்திரச் சோப்பால் தேய்த்தது ஒரு நாள் தாங்கியது.
துணி சுற்றினால்
துணி தனியாகத் திரும்பும், ஸ்டீயரிங் தனியாக.
பவுடர் கொட்டிய பத்தாவது நிமிடம்
கையில் கொழுக்கட்டை மாவு.
பாசார் மாலாமில் பன்னிரண்டு வெள்ளிக்கு
ஓர் உறை வாங்கினேன். தோல் என்றான்.
வெயிலில் நிறுத்தியதும்
தோல் இல்லை என்று வாசனை சொன்னது.

ஊரும் லேசான ஊர் இல்லை.
ஒட்டும் பாலைத் தந்த மரத்தை வெட்டிவிட்டு
வழுக்கும் எண்ணெய் தரும் மரத்தை நட்ட ஊர்.
ஆலைக்குப் போகிற லோரி ஒவ்வொன்றும்
வளைவுக்கு வளைவு பழம் உதிர்த்துப் போகும்.
நசுங்கிய செம்பனை
விடிகாலை மழையில் சவுக்காரம் ஆகும்.

அன்றைக்கும் மழை.
ஆறு ஐம்பது. பாலம் தாண்டி இடது வளைவு.
பின்னால் பதினொரு பிள்ளைகள்,
ஒன்பதாம் வாய்ப்பாடும் சண்டையும் ஒரே நேரத்தில்.
ஒடித்தேன்.
கை போனது, வட்டம் வரவில்லை.
வேன் வெள்ளைக் கோட்டைத் தாண்டி
ஒரு முழம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.
எதிரே லோரி எதுவும் வரவில்லை.
இதை இப்போது ஒரு வரியில் எழுதிவிட்டேன்.
அப்போது அது
ஒரு வரி இல்லை.

ஒன்பது எட்டு எழுபத்திரண்டு என்று
பின்னால் சொல்லிக்கொண்டே போனார்கள்.
யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் தர்ஷவன் ஏறினான்.
ஐந்தாம் ஆண்டு. பள்ளிப் பூப்பந்துக் குழுவில்
எப்போதும் பெஞ்சில் உட்காருகிறவன்.
பையிலிருந்து இரண்டு மஞ்சள் சுருள் எடுத்து
டேஷ்போர்டில் வைத்தான்.
"ராக்கெட் கிரிப், ஆண்ட்டி. வேர்க்கிற கைக்குத்தான் இது.
பாதிமேல் பாதி ஏத்தி, நல்லா இழுத்துச் சுத்தணும்.
லூசா விட்டா வீண்."
உனக்கு வேண்டாமாடா?
"என்னைத்தான் இறக்கவே மாட்டாங்களே."
காசும் வேண்டாமாம். ஒரு வாரம் முன் சீட்டு.

சனிக்கிழமை போர்ட்டிகோவில் வேனை நிறுத்தி
முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்,
பதினெட்டு வருஷ அழுக்கு பஞ்சில் வந்தது.
சுற்றினேன். பிரித்தேன். மறுபடி சுற்றினேன்.
இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, தீர்ந்தது.
திரும்பும்போது கை போகும் கீழ்ப்பக்கம் மொட்டையாக நின்றது.
விளையாட்டுச் சாமான் கடையில் மஞ்சள் இல்லை.
ரோஸ் இருந்தது. இரண்டு வாங்கினேன்.
குணாளன் வெளியே வந்து பார்த்து,
"கல்யாணக் காரா?" என்றான்.

திங்கட்கிழமை அதே மழை, அதே வளைவு.
முன் சீட்டில் அவன் என் கையையே பார்த்திருந்தான்.
"இப்ப வழுக்குதா?"
ரோட்டைப் பாரு என்றேன்.
"ரோட்டைத்தான் பார்த்தேன். அன்னைக்கும்."

நான் பதில் சொல்லவில்லை.
கை ஈரமாகத்தான் இருந்தது.
ஒடித்தேன், வட்டம் கையோடு வந்தது.

அந்த ஒரு வாரம் முடிந்து மாதம் இரண்டாகிறது.
இன்னும் முன் சீட்டில்தான் ஏறுகிறான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.